தறிக்கும் வயலுக்கும் நடுவே பத்து நிமிடம்

படிப்பு வட்டங்களுக்குரிய மாதப் பாடம்

உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் அங்கத்தினர்களிடமிருந்து இரண்டு மறுமொழிகள் வருவது வழக்கம். "நாள் முழுவதும் உழைக்கிறவனுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?" என்பது ஒன்று. "இருக்கிற வேலைக்கே பொழுது போதவில்லை, பயிற்சிக்கு நேரம் எங்கே?" என்பது மற்றொன்று. இவற்றைச் சோம்பேறிகளின் சொற்கள் என்று தள்ளிவிட முடியாது. விடியுமுன்னே பூப்பறிக்கச் செல்லுகிறவர், பாவு தீரும் வரை தறியை விட்டு எழாதவர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு வேலையை முடித்து வந்து பகலில் நிலத்தையும் பார்த்துக்கொள்ளுகிறவர் ஆகியோர் சொல்லும் சொற்கள் இவை. ஆதலால் இவ்விரண்டையும் ஏளனம் செய்யாமல் எடுத்து ஆராய்ந்து, விடை காண முயல்வதே இம்மாதப் பாடத்தின் நோக்கமாகும்.

கூட்டுறவு இதழில் இப்பொருளுக்கு இடம் ஏன் என்று சிலர் கேட்கலாம். சங்கத்தின் பேரேட்டில் தறிக்கும் நிலத்துக்கும் மதிப்பு எழுதப்படுகிறது. கைக்கும் காலுக்கும் மதிப்பு எழுதும் பத்தி அதில் இல்லை. ஆயினும் வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்துவன அந்தக் கையும் காலுமே. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர் நீரிழிவினாலோ, இரத்தக் கொதிப்பினாலோ, மாரடைப்பினாலோ படுத்துவிட்டால், மருந்துச் செலவு ஒரு பக்கம், கூலி இழப்பு மறுபக்கமாக அக்குடும்பம் இரட்டை நட்டம் அடைகிறது. அந்த நட்டத்தின் ஒரு பகுதி சங்கத்தின் நிலுவைப் பட்டியலிலும் வந்து சேருகிறது. எனவே அங்கத்தினரின் உடல்நலம் சங்கத்தின் முதலீடுகளுள் ஒன்று என்று கொள்ளுதல் தகும்.

1. உழைப்பவனுக்குப் பயிற்சி எதற்கு?

குழித்தறியில் அமரும் நெசவாளர் கால்களால் மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். ஒரு கையால் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கிறார். மறு கையால் அச்சுப் பலகையைத் தள்ளி அடிக்கிறார். பார்ப்பதற்கு உடல் முழுவதும் இயங்குவது போலத் தோன்றும். உண்மையில் இயங்குவன சில தசைகளே. இடுப்பும் முதுகும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் வளைந்து நிற்கின்றன. கழுத்து குனிந்தே இருக்கிறது. மூச்சு வேகமாவதில்லை; இதயத்துக்கு வேலை கூடுவதுமில்லை. மாலையில் அவருக்கு உண்டாகும் களைப்பு மெய்யானது. ஆனால் அது இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்திய களைப்பன்று. சில மூட்டுகளைத் தேய்த்த களைப்பு.

விவசாயியின் நிலையும் மாறியிருக்கிறது. உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வரப்பின் மேல் நடந்து சென்று பார்த்த வயலை இன்று மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்க்கிறோம். நடவு, களையெடுப்பு, பூப்பறிப்பு முதலிய வேலைகளில் குனிதல் மிகுதி, நிமிர்தல் குறைவு. அவையும் ஒரு பருவத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து, மறு பருவத்தில் அடியோடு ஓய்ந்துவிடுகின்றன. தொழிற்சாலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளோ வீட்டருகில் பேருந்து ஏறி, வாயிலில் இறங்கி, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று அல்லது அமர்ந்து திரும்புகிறார்கள்.

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்து காணப்பட்டன. வேலையின் பொருட்டுக் கடுமையாக உடலை வருத்தியவர்களிடம் அந்த நன்மை காணப்படவில்லை. வேலையில் நம் விருப்பப்படி வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடிவதில்லை. தேவையான ஓய்வும் கிடைப்பதில்லை. ஒரே அசைவே மீண்டும் மீண்டும் வருகிறது. இவை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவ்வாராய்ச்சியாளர் கருதுகின்றனர். இதனால் உழைப்பு தீது என்று பொருள் கொள்ளலாகாது. உழைப்பு உடலைச் செலவழிக்கிறது. பயிற்சி அச்செலவை ஈடு செய்கிறது என்று கொண்டால் போதும்.

2. மனம் ஏன் ஒப்புவதில்லை?

நேரமின்மையைக் காரணமாகச் சொன்னாலும், பலருடைய உள்ளத்தில் வேறு தடைகள் இருக்கின்றன. உடற்பயிற்சி என்றவுடன் கர்லாக்கட்டையும் தண்டாலும், இக்காலத்து இயந்திரக் கூடங்களும் கண்முன் தோன்றுகின்றன. "இந்த வயதில் தெருவில் கையை வீசி நடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கூச்சமும் உண்டு. முன்பு ஒருமுறை உற்சாகமாகத் தொடங்கி, முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடி, மறுநாள் முழங்கால் வீங்கிக் கைவிட்டவர்களும் உளர். இவர்களுக்கெல்லாம் தடையாக நிற்பது ஒரே எண்ணந்தான்: பயிற்சி என்றால் அது பெரிதாக இருக்க வேண்டும் என்பது.

நாள்தோறும் 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். இந்த எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு, 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரை இட்டார்கள். பெயர் உலகெங்கும் பரவி விதி போலாகிவிட்டது. அமெரிக்க நாட்டில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு வேறு விதமாக இருக்கிறது. நாளொன்றுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைக் காட்டிலும் 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதலான பயன் காணப்படவில்லை. மிகக் குறைவாக நடப்பவர் சிறிது கூட்டிக்கொண்டாலும் பயன் உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் இதற்கு அரண் செய்கின்றன. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டும் என்பதும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பிருந்த நிபந்தனையை அவை கைவிட்டுவிட்டன. இரண்டு நிமிடமும் கணக்குண்டு. ஐந்து நிமிடமும் கணக்குண்டு. நேரமில்லை என்பவருக்கு இதனினும் நல்ல செய்தி வேறில்லை.

சிறு சிறு அசைவுகள் சேர்ந்தே பெரும் பயன் தரும் என்பதற்கு லண்டன் நகரத்துப் பேருந்துகள் சான்று கூறுகின்றன. அந்நகரின் போக்குவரத்து ஊழியர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் செய்த ஆராய்ச்சி 1953-இல் வெளியாயிற்று. நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாயிருந்தனர் என்பதையும் மாரிஸே பின்னர் எடுத்துக்காட்டினார். ஆயினும் அவர் கண்ட அடிப்படை உண்மையைப் பிற்காலத்து ஆராய்ச்சிகள் உறுதி செய்தன. அந்த நடத்துநர்கள் எந்தப் பயிற்சிக் கூடத்துக்கும் சென்றவர்கள் அல்லர். அவர்கள் ஏறிய படிகள் நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பரவிக்கிடந்தன.

3. திருமங்கலத்து மக்கள் காட்டிய வழி

தமிழ்நாட்டில் பொழுதுபோக்காகவோ உடல்நலம் கருதியோ உடலியக்கம் கொள்ளுவோர் மிகச் சிலரே. 2014-இல் வெளியான அகில இந்திய நீரிழிவு ஆராய்ச்சி ஒன்றில், நம் மாநிலத்தில் விசாரிக்கப்பட்டவர்களுள் 100-க்கு ஏறக்குறைய 93 பேர் அத்தகைய இயக்கம் எதுவும் இல்லாதவர்கள் என்று தெரிய வந்தது. இந்நிலையை மாற்ற முடியுமா என்னும் கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

சென்னைத் திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி என்னும் குடியிருப்பு உள்ளது. நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் அங்கே வீடு வீடாகச் சென்று மக்களைப் பரிசோதித்தனர். பரிசோதனையோடு நில்லாமல், உடலியக்கத்தின் அவசியத்தையும் எடுத்துரைத்தனர். அப்போது அங்கே வாரத்தில் மூன்று முறைக்கு மேல் ஏதேனும் பயிற்சி செய்தோர் 100-க்கு 14 பேர். கேட்டறிந்த மக்கள் "நடப்பதற்கு இடமில்லையே!" என்று சொல்லி ஓய்ந்துவிடவில்லை. தங்களுக்குள் பணம் திரட்டி, குடியிருப்பிலேயே ஒரு பூங்காவை அமைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கணக்கெடுத்தபோது, பயிற்சி செய்வோர் 100-க்கு 58 பேருக்கு மேல் இருந்தனர். இம்முடிவு 2006-இல் வெளியிடப்பட்டது.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அம்மக்களின் மன உறுதி திடீரென்று நான்கு மடங்கு பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது. பெருகியது வசதி, அருகிலேயே இடம் கிடைத்தது. அண்டை வீட்டாரும் நடந்ததனால் கூச்சம் அகன்றது. தம் பணத்தில் தாமே அமைத்ததனால் அதன்மேல் உரிமையும் பற்றும் பிறந்தன. அவர்கள் அதைக் கூட்டுறவு என்று அழைத்தார்களோ இல்லையோ, அது கூட்டுறவேதான்.

பயிற்சியால் நோய் உண்மையில் தடைப்படுமா என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையிலிருந்து நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியில், நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டனர். அதன் முடிவும் 2006-இல் வெளியாயிற்று. சாதாரண அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுகளில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைச் சீர்படுத்தி, நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது விரைந்து நடக்கும்படி தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்ட பிரிவிலோ 100-க்கு 39 பேருக்கே வந்தது. முன்னரே கடும் உடலுழைப்பில் இருந்தவர்களையும், நாள்தோறும் அரை மணிக்கு மேல் நடந்தோ மிதிவண்டி ஓட்டியோ வந்தவர்களையும், அவ்வழக்கத்தையே தொடருமாறு சொன்னார்கள். ஆகவே ஏற்றம் இறைப்பது போன்ற கடும் வேலை செய்கிறவர் அதற்கு மேல் ஓட வேண்டியதில்லை. தறியிலும் மேசையிலும் அமர்ந்திருப்பவருக்கே நடை முதல் மருந்து.

4. தொடக்கக்காரருக்கு ஏற்ற ஐந்து பயிற்சிகள்

கீழ்க்காணும் ஐந்துக்கும் பணச் செலவில்லை. தனி உடை வேண்டியதில்லை. வீட்டின் திண்ணையும் சுவருமே போதும்.

முதலாவது, உணவுக்குப் பின் நடை. நியூசிலாந்து நாட்டில் 41 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு செய்து 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளில் ஏதோ ஒரு வேளை 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பது, உணவுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரையை அதிகமாகக் குறைத்தது. இரவு உணவுக்குப் பின் நடந்த நடையே மிகுந்த பயன் தந்தது. சோறு உண்டவுடன் படுத்துவிடும் வழக்கமுள்ள நமக்கு இது பொருத்தமான பாடம். எவ்வளவு வேகம் என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: நடக்கும்போது உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது.

இரண்டாவது, அமர்ந்தெழுதல். நாற்காலியிலோ திண்ணையிலோ அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து நின்று, மீண்டும் மெல்ல அமர வேண்டும். முடியாதவர் தொடக்கத்தில் கையூன்றலாம். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடும் நம் வழக்கம் இதன் கடினமான வடிவமே. முழங்கால் வலி இல்லாதவர் அதையே மெதுவாகச் செய்யலாம்.

மூன்றாவது, சுவர் தள்ளல். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, இரு உள்ளங்கைகளையும் தோள் உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டு சென்று, மீண்டும் தள்ளி நிமிர வேண்டும். தரையில் தண்டால் எடுக்க முடியாதவருக்கு இது சிறந்த தொடக்கம்.

நான்காவது, குதிகால் உயர்த்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு, இரு குதிகால்களையும் உயர்த்தி முன்காலில் நின்று, மெல்ல இறங்க வேண்டும். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் தொழிலாளருக்கு இது கெண்டைக்காலில் இரத்த ஓட்டத்தைத் தூண்டும்.

ஐந்தாவது, முதுகு நிமிர்த்தல். நேராக நின்று, இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் ஊன்றி, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, மெல்லப் பின்னால் சாய்ந்து நிமிர வேண்டும். குனிந்தே வேலை செய்யும் நெசவாளருக்கும், நாற்று நடுபவருக்கும், பூப்பறிப்பவருக்கும் இது இன்றியமையாதது. வலி தரும் அளவுக்குச் சாயக் கூடாது.

இவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்க முனைவதே பலர் செய்யும் தவறு. முன்னரே நடக்கும் ஒரு வேலையோடு ஒரு பயிற்சியை முடிச்சுப் போட்டுவிட வேண்டும். நெசவாளர், எடுத்து வைத்த தார்கள் தீர்ந்து புதிய தார் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தறியை விட்டு எழுந்து, ஐந்து முறை முதுகை நிமிர்த்தலாம். விவசாயி, நீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டதும் வரப்பைச் சுற்றி ஒரு நடை வரலாம். அடுப்பில் உலை கொதிக்கும் வரை இல்லத்தரசியார் சுவர் தள்ளலும் குதிகால் உயர்த்தலும் செய்யலாம். தொழிற்சாலைக்குச் செல்பவர் பேருந்து நிற்குமிடத்துக்கு வண்டியில் போகாமல் நடந்து போகலாம். வேலை நினைவூட்டும், பயிற்சி தானே நடக்கும்.

5. எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: இரவு உணவுக்குப் பின் 5 நிமிட நடை, நாளுக்கு 5 முறை அமர்ந்தெழுதல். இதற்கு மேல் செய்ய ஆசை வந்தாலும் செய்ய வேண்டாம். இவ்விரு வாரத்தின் நோக்கம் பழக்கத்தை ஊன்றுவது மட்டுமே.

மூன்றாம், நான்காம் வாரம்: நடை 10 நிமிடம். அமர்ந்தெழுதலோடு சுவர் தள்ளலும் 5 முறை சேரட்டும்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: காலை ஒன்றும் இரவு ஒன்றுமாக 10 நிமிட நடை இரண்டு. மற்றப் பயிற்சிகள் ஒவ்வொன்றும் 8 முறை.

ஏழாம், எட்டாம் வாரம்: மூன்று வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிட நடை. மற்றப் பயிற்சிகள் ஒவ்வொன்றும் 10 முறை. நாளுக்கு 30 நிமிடம் வீதம் வாரத்தில் ஐந்து நாட்கள் நடந்தால் 150 நிமிடம் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவை, ஒரு நாளும் வேலை கெடாமல் எட்டிவிட்டோம்.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடு கட்ட முயல வேண்டாம். சங்கத்துக் கடனுக்குத்தான் தவணை தவறினால் அபராத வட்டி. உடல் அப்படிக் கேட்பதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அறுவடைக் காலத்திலும், பண்டிகைக்கு முன் தறி நெருக்கடியிலும் நடை 5 நிமிடமாகக் குறையலாம். அடியோடு நின்றுவிடக் கூடாது.

6. எச்சரிக்கைகள்

இதய நோய், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியன உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நடக்கும்போது மார்பில் வலியோ இறுக்கமோ, கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, மிகுந்த மூச்சுத் திணறலோ, மயக்கமோ தோன்றினால் உடனே நின்று, 108 எண்ணுக்கு அழைத்து மருத்துவ உதவி பெற வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் சட்டைப் பையில் சிறிது சர்க்கரை வைத்திருத்தல் நலம். நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடக்கலாகாது. இரவில் பாதத்தில் புண் உண்டா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் நடை காலையிலும் பொழுது சாய்ந்த பின்னரும் மட்டுமே இருக்கட்டும். பெரியபாளையத்தைச் சேர்ந்தவர்கள் ஊத்துக்கோட்டைச் சாலையின் ஓரத்தை நடைபாதையாகக் கொள்ள வேண்டாம். வாகனங்கள் விரையும் சாலை அது. ஊருக்குள் இருக்கும் தெருக்களும், பள்ளி மைதானமும், வீட்டு மாடியும் போதும். இருட்டில் வரப்பின் மேல் நடப்பவர் கைவிளக்கின்றிச் செல்லக் கூடாது.

7. சங்கம் செய்யக்கூடியது

ஆடி மாதத்தில் ஆரணியாற்றங்கரையிலுள்ள பவானியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வீட்டில் கடைத்தெரு வரைக்கும் நடக்க மாட்டேன் என்பவரும், வேண்டுதல் என்று வந்துவிட்டால் உற்றார் உறவினரோடு நெடுந்தூரம் நடந்துவிடுகிறார். அவரை நடத்துவது துணையும், குறித்த நாளும், கொடுத்த வாக்குமே. இம்மூன்றையும் ஆண்டு முழுவதற்கும் அமைத்துக் கொடுக்கச் சங்கத்தால் முடியும்.

அதற்கு வழி எளிது. அருகருகே குடியிருக்கும் ஐந்து அங்கத்தினர்கள் ஒரு நடைக் குழுவாகட்டும். பெண்களுக்குத் தனிக் குழு இருந்தால் தனியே நடக்கும் அச்சமும் கூச்சமும் நீங்கும். குழுவுக்கு ஒரு சிறு நோட்டு. நடந்த நாளுக்கு ஒரு கோடு. மாதக் கூட்டத்தில் கடன் வசூல் கணக்கைப் படிப்பது போல இதையும் படிக்கலாம். குறைவாக நடந்தவரை எவரும் இகழலாகாது; "என்ன தடை வந்தது?" என்று விசாரித்து, அத்தடையை நீக்க உதவ வேண்டும்.

ஜப்பானில் 1928 முதல் வானொலி மூலம் நாடு தழுவிய உடற்பயிற்சி நடந்து வந்திருக்கிறது. இசையோடு சில நிமிடங்களே நீடிக்கும் இதனைப் பள்ளிச் சிறுவரும் முதியவரும் தொழிற்சாலைத் தொழிலாளரும் கூடி நின்று செய்கின்றனர். நம் சங்கக் கட்டடத்து முற்றத்திலும், கூலி பட்டுவாடா நாளன்றும் கூட்டம் தொடங்குமுன்னும், மேற்சொன்ன ஐந்து பயிற்சிகளை ஐந்து நிமிடம் கூட்டாகச் செய்யலாம். எல்லோரும் செய்யும்போது எவருக்கும் வெட்கமில்லை.

அரசாங்கத் திட்டங்களையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் பரிசோதிக்கின்றனர். பயிற்சி தொடங்குமுன் ஓர் அளவும், எட்டு வாரம் கழித்து ஓர் அளவும் எடுத்து நோட்டில் எழுதி வைத்தால், அங்கத்தினருக்குத் தம் முன்னேற்றம் தெரியும். மருந்து உண்பவர் அளவு குறைந்தது கண்டு தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. 2023 நவம்பர் 4-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்படி மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. தொடக்கக்காரர் அத்தூரத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். அதில் ஒரு கிலோமீட்டர் நடந்து திரும்பினாலும் நன்மையே.

1904-இல், கூட்டுறவுச் சட்டம் பிறந்த ஆண்டிலேயே, இன்றைய நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க் கிராமத்தில் விவசாயிகள் ஒரு கடன் சங்கத்தை நிறுவினார்கள். நாட்டின் முதற் சங்கங்களுள் ஒன்று அது. பெரும் பணக்காரர் ஒருவர் வந்து ஊரை மீட்பார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தம்மிடமிருந்த சிறு தொகைகளையே ஒன்று சேர்த்தார்கள். உடல்நலத்துக்கும் அந்நெறியே பொருந்தும். ஒரு மணி நேர ஓய்வு கிடைக்கும் நாள் வரட்டும் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவதில்லை. இன்றிரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம்; அது முதல் பங்குத் தொகை. பக்கத்து வீட்டு அங்கத்தினரையும் அழைத்துக்கொண்டு அதைச் செலுத்துவோமாக.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. தறி வேலையும் வயல் வேலையும் உடலின் எந்தெந்தப் பகுதிகளை வருத்துகின்றன? எவற்றை இயக்காமல் விட்டுவிடுகின்றன?

2. திருமங்கலத்து மக்களிடையே பயிற்சி செய்வோர் தொகை பெருகியதற்குக் காரணங்கள் யாவை? அவற்றுள் நம் ஊருக்குப் பொருந்துவன எவை?

3. உங்கள் அன்றாட வேலைகளுள் எதனோடு எந்தப் பயிற்சியை இணைக்கலாம்? ஒவ்வொருவரும் ஒன்று கூறுக.

4. வாரத்துக்கு 150 நிமிடம் என்பதை உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்பப் பங்கிட்டு எழுதுக.

5. நம் ஊரில் இரவில் பெண்களும் முதியவர்களும் அச்சமின்றி நடப்பதற்கு ஏற்ற இடம் எது? அவ்விடத்துக்கு விளக்கு முதலிய வசதி வேண்டுமாயின், சங்கம் எவரிடம், எவ்வாறு விண்ணப்பிக்கலாம்?